வெள்ளைக்கென்று ஓர் இரவு

பாத்திரத்தைத் தட்டுப் போட்டு மூடக் கூடாது. அதற்காகத் திறந்தபடியும் விட்டுவிடக் கூடாது. மெல்லிய மல் துணி ஒன்றை வாயில் இழுத்துக் கட்ட வேண்டும். அந்தத் துணி நிலவை உள்ளே விட வேண்டும், பூச்சியை விடக் கூடாது. வைக்கும் இடத்தில் மர நிழல் விழக் கூடாது. முன்னிரவில் வெளிச்சமாக இருந்த மூலை நள்ளிரவில் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குள் போய்விடும் என்பதால், நிலா நகரும் போக்கை முன்கூட்டியே பார்த்து இடம் பிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பூனைக்கு எட்டக் கூடாது.

சரத் பூர்ணிமை இரவில் வட இந்திய வீடுகளின் மொட்டை மாடியில் பால் பாயசத்தை வைக்கும்போது பெரியவர்கள் கவனிக்கிற விஷயங்கள் இவை. அன்று நிலவிலிருந்து அமுதம் இறங்குகிறது, அது பாயசத்தில் கலக்கிறது, மறுநாள் காலையில் அதைச் சாப்பிட்டால் நோய் அண்டாது என்பது நம்பிக்கை. அமுதமே இறங்கி வருகிற இரவிலும் பூனையைப் பற்றிய கவலை தீரவில்லை என்பதுதான் இந்த வழக்கத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது.

ஆசுவின மாதத்துப் பௌர்ணமி இது. மழைக்காலம் முடிந்து, நவராத்திரியும் முடிந்து, குறுகிய காலப் பயிரின் புது நெல் களத்துக்கு வரத் தொடங்கியிருக்கும் நேரம். மராட்டியத்தில் இதற்கு கோஜாகிரி என்று பெயர், வங்காளத்தில் கோஜாகரி லட்சுமி பூஜை, ஒடிசாவில் குமார பூர்ணிமை, மிதிலையில் கோஜாகரா. கொங்கணக் கரையில் இதையே நவான்ன பௌர்ணமி என்றும் சொல்கிறார்கள். அங்கே புது நெற்கதிரை மாவிலையோடும் பூவோடும் சேர்த்துக் கட்டி வாசல் நிலையில் தொங்கவிடுவார்கள். அன்றிரவு திருமகள் தெருத் தெருவாக வந்து, யார் விழித்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போவாளாம். விழித்திருப்பவர் வீட்டில் செல்வம் தங்கும் என்பதால் தூங்கக் கூடாது.

இனி அந்த இரவின் நிறத்துக்கு வருவோம். பால் வெள்ளை, அரிசி வெள்ளை, சர்க்கரை வெள்ளை. குஜராத்தில் பாயசத்துக்குப் பதிலாகக் குளிர்ந்த பாலில் அவலை ஊறவைத்து நிலவில் வைக்கிறார்கள். அதுவும் வெள்ளை. மிதிலையில் மக்கானா, ஒடிசாவில் நெற்பொரி, வங்காளத்தில் தேங்காய் உருண்டை. வைக்கும் பாத்திரம் முடிந்தால் வெள்ளியில் இருக்க வேண்டும். பிருந்தாவனத்தில் பாங்கே பிஹாரி கோயிலில் கண்ணனுக்கு அன்று வெள்ளை உடை. ஆண்டு முழுவதும் குழலில்லாமல் நிற்கிறவர் அன்று ஒருநாள்தான் புல்லாங்குழலைக் கையில் எடுக்கிறார். ராச லீலை நடந்த இரவாக இதைக் கொண்டாடுகிறார்கள். பாகவதம் தன் பத்தாம் ஸ்கந்தத்தில் ஐந்து அத்தியாயங்களை அந்த ஆட்டத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. வங்காளத்தில் அந்தப் பருவத்துக்கே உரிய பூ பவழமல்லி. அதுவும் இரவில் பூத்து விடியலில் உதிர்கிற வெள்ளை.

நிலவு வெள்ளை, ஆகவே படையலும் வெள்ளை என்று இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் நயம் இருப்பதாகப் படுகிறது. முழுநிலவு தலைக்கு மேல் நிற்கும்போது தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய கால் லக்ஸ். விளக்கு எரிகிற நம் கூடத்தில் நூறு லக்ஸ் அளவில் இருக்கும். நிலவின் மங்கலான ஒளியில், நிறம் பிரித்தறியும் கூம்புச் செல்கள் கண்ணில் அநேகமாக ஓய்ந்துவிட, கோல் செல்கள்தான் வேலை செய்கின்றன. அவற்றுக்கு நிறம் தெரியாது. சிவப்புப் புடவை கறுத்துப்போகும், மஞ்சள் சாம்பலாகும். அந்த வெளிச்சத்தில் தன் நிறத்தை இழக்காமல் நிற்கக்கூடியது வெள்ளை ஒன்றுதான். குங்குமப்பூவைக் கொட்டிக் காய்ச்சிய பாலும் மாடிக்குப் போனதும் வெண்பாலாகவே தெரியும். யாரும் இதை ஆராய்ந்து விதி வகுத்திருக்க மாட்டார்கள். ஆனால் நிலவில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியவர்களின் கண்ணுக்கு, எது அங்கே அழகாயிருக்கும் என்று தெரிந்திருக்கிறது. இரவில் பூக்கும் செடிகள் அந்துப்பூச்சிக்குத் தெரியட்டும் என்று வெள்ளையாகப் பூப்பதும் இதே கணக்குத்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு நிலவைப் பற்றிய உண்மையையும் சொல்லிவிட வேண்டும். அது வெள்ளை இல்லை. தன்மேல் விழும் சூரிய ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. தேய்ந்த தார்ச்சாலையின் அளவுக்குக் கறுத்த பரப்பு அது. சுற்றிலும் இருட்டு என்பதால் வெள்ளையாகத் தெரிகிறது.

கண்ணைப் பற்றி இன்னொரு வழக்கமும் உண்டு. சரத் பூர்ணிமை நிலவில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தால் பார்வை கூர்மையாகும் என்பார்கள். நூறு முறை கோக்க வேண்டும் என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன. இதை யார் கண்டுபிடித்தார்களோ, மகா குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும். விழித்திரையின் நட்ட நடுவில், நாம் எதையாவது உற்றுப் பார்க்கும்போது பிம்பம் விழுகிற இடத்தில், கோல் செல்கள் கிடையாது. ஆகவே நிலவொளியில் ஊசிக்காதை நேராக உற்றுப் பார்த்தால் அது கரைந்து மறையும்; பார்வையைச் சற்றே விலக்கினால் மறுபடி தென்படும். நூலை நேரே பார்க்காமல் ஓரக்கண்ணால் கோக்க வேண்டியிருக்கும். இதனால் பார்வை கூடும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கண்ணாடி போட வேண்டியவர் போட்டே ஆக வேண்டும். ஆனால் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டிய ஒரு கூட்டத்துக்கு, செலவில்லாத, சிரிப்பு வரவழைக்கிற, வயதானவருக்கும் சிறுமிக்கும் இடையில் போட்டி மூட்டுகிற ஒரு விளையாட்டு இது. மருந்து என்ற பெயரில் உள்ளே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அன்றைக்கு நிலா பதினாறு கலைகளும் நிரம்பி, பூமிக்கு மிக அருகே வருகிறது என்பது அடுத்த நம்பிக்கை. கலைகள் நிரம்புவது எல்லாப் பௌர்ணமிக்கும் பொது. அருகே வருவதென்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். நிலா சுமார் 3,56,000 கிலோமீட்டருக்கும் 4,06,000 கிலோமீட்டருக்கும் இடையே ஊசலாடுகிறது, அதன் கிட்டத்துப் புள்ளி ஆசுவினப் பௌர்ணமிக்கென்று காத்திருப்பதில்லை. ஆனாலும் அந்த நிலா மற்ற நிலாக்களைவிடப் பிரமாதமாகத் தெரிகிறது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. நான்கு மாத மழை காற்றிலிருந்த புழுதியைக் கழுவி இறக்கியிருக்கிறது. பனிமூட்டம் இன்னும் வரவில்லை. கங்கைச் சமவெளியில் வானம் இவ்வளவு துப்புரவாக இருக்கும் வாரங்கள் ஆண்டில் கொஞ்சம்தான்.

அறுவடைக்காரனுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. சாதாரணமாக நிலா ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஐம்பது நிமிடம் பிந்தி எழும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் பௌர்ணமிகளை ஒட்டி, நிலவின் பாதை கிழக்கு அடிவானத்தோடு சாய்ந்த கோணத்தில் படிவதால், வட இந்தியாவில் இந்தத் தாமதம் பத்துப் பதினைந்து நிமிடம் குறைகிறது. பொழுது சாய்ந்தும் இருட்டாத மாலைகள் தொடர்ந்து சில கிடைக்கின்றன. வடக்கே போகப் போக இந்தச் சலுகை அதிகம். ஐரோப்பிய உழவர்களும் இதே நிலவுக்கு அறுவடை நிலா என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி, நிலவொளி குளிர்ச்சி என்பது? நிலவுக்குக் குளிர்விக்கும் சக்தி கிடையாது. ஆனால் நிலா பளிச்சென்று தெரிகிற இரவில் மேகம் இல்லை. மேகப் போர்வை இல்லாத இரவில் பகலில் தரை வாங்கிய வெப்பம் தடையின்றி மேலே போய்விடுகிறது, காற்று குளிர்கிறது, பனி இறங்குகிறது. ஆகவே நிலவுள்ள இரவு குளிர்ந்தது என்று கண்டவர்கள் சரியாகத்தான் கண்டார்கள். நன்றியை மட்டும் மேகத்துக்குச் சொல்லாமல் நிலவுக்குச் சொல்லிவிட்டார்கள்.

இந்த நம்பிக்கைகளெல்லாம் வெறும் வாய்மொழி அல்ல என்பது ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையின் பருவ ஒழுக்க அத்தியாயத்தைப் புரட்டினால் புரியும். மழைக்காலத்தின் குளிர்ச்சிக்குப் பழகிய உடம்பின்மேல் திடீரென்று சரத் காலத்து வெயில் விழுவதால், மழையில் சேர்ந்திருந்த பித்தம் சீறுகிறது என்று அது கணிக்கிறது. அதற்கு ஏற்ற உணவு அரிசி, கோதுமை, இனிப்பும் இலேசான கசப்பும் உள்ள குளிர்ந்த பண்டங்கள். தயிர் ஆகாது, பகல் தூக்கம் ஆகாது, கீழைக்காற்று ஆகாது. அணிய வேண்டியது அந்தப் பருவத்துப் பூமாலையும் தூய ஆடையும். அப்புறம், நூலிலேயே எனக்கு மிகவும் பிரியமான இடம் ஒன்று: முன்னிரவில் நிலாக் கதிர்களில் இருக்கச் சொல்கிறது. உணவு, உடை, தண்ணீர் என்ற வரிசையில் நிலவும் ஒரு பத்தியமாக வந்து நிற்கிறது.

தண்ணீருக்கு அது சொல்வது இன்னும் நேர்த்தி. பகலெல்லாம் வெயிலில் சுட்டு, இரவெல்லாம் நிலவில் ஆறி, காலத்தால் பக்குவப்பட்டு, அகத்திய விண்மீன் உதித்ததால் நஞ்சு நீங்கிய நீர். அதற்கு அன்னப்பறவை நீர் என்று பெயர். குடிக்கவும் குளிக்கவும் அதுவே அமுதம் என்கிறது. மழையில் கலங்கிய ஆறும் குளமும் தெளிவதையும், விடியற்காலையில் தென்கோடியில் அகத்தியர் தலைகாட்டுவதையும் ஒரே நேரத்தில் கண்டவர்கள், இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். வடநாட்டில் அந்த விண்மீன் அடிவானத்தை ஒட்டிப் பத்துப் பாகை அளவுக்குத்தான் எழும்பும். சென்னையிலிருந்து பார்த்தால் இருபது பாகைக்கும் மேலே நன்றாகவே நிற்கும். பொதிகைக்கு வந்து தங்கிவிட்ட முனிவர், எட்டத்திலிருந்தே வடக்கின் குளங்களைத் தெளிவித்துக்கொண்டிருக்கிறார் என்பதில் தமிழனுக்கு ஒரு சின்னக் கர்வம் இருந்தால் தப்பில்லை.

இங்கேதான் ஒரு நுணுக்கம். அதே சரகர், சரத் காலத்தில் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் பனியையும் சேர்த்திருக்கிறார். நிலவு வேண்டும், பனி வேண்டாம். முன்னிரவில் உட்காரலாம், விடிய விடியப் பனியில் கிடக்கக் கூடாது. மொட்டை மாடியில் இரவெல்லாம் விழித்திருக்கும் வழக்கம் அவர் கண்ணில் பட்டிருந்தால் புருவத்தை உயர்த்தியிருப்பார். பாயசத்தின் வாயில் கட்டிய மல் துணி இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட சமாதானமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நிலவு இறங்கட்டும், பனி துணியோடு நிற்கட்டும்.

இந்த இரவின் ஆரோக்கிய நம்பிக்கைகளில் பேர்போனது ஆஸ்துமா பற்றியது. சித்திரகூடம் உள்ளிட்ட பல ஊர்களில், சரத் பூர்ணிமை இரவுக்கென்று மூச்சுத் திணறல்காரர்கள் கூடுகிறார்கள். நிலவில் வைத்த பாயசத்தில் மூலிகைப் பொடி கலந்து விடியற்காலையில் கொடுப்பார்கள். அதுவரை தூங்கக் கூடாது. ஏன் இந்த நோய்க்கு இந்த நாள்? பருவம் மாறும்போது இழுப்பு அதிகமாகிறது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். என் ஊகம் வேறொரு கதைக்குப் போகிறது.

நிலாவே ஒரு பழைய நோயாளி. தட்சனின் மகள்களை மணந்துகொண்டு, ரோகிணியிடம் மட்டுமே மயங்கிக் கிடந்ததால் மாமனாரின் கோபத்துக்கு ஆளாகி, உருக்குலைந்து தேய்ந்தவன். சரக சம்ஹிதையில் க்ஷய ரோகத்தைப் பற்றிய அத்தியாயம் இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. தட்சனின் கோபம் அவன் வாயிலிருந்து மூச்சாக வெளிப்பட்டு, அந்த மூச்சே நோயாக உருவெடுத்தது என்று அது சொல்கிறது. கடைசியில் சந்திரனைக் குணப்படுத்தியவர்கள் தேவ வைத்தியர்களான அசுவினி குமாரர்கள். இப்போது வானத்தைப் பாருங்கள். ஆசுவினப் பௌர்ணமியன்று நிலா எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிரம்பி நிற்கிறது? அசுவினியில். அந்த நட்சத்திரத்தின் தேவதைகள் அந்த இரட்டை வைத்தியர்களேதான். மூச்சில் பிறந்த நோயால் இளைத்த ஒருவன், உடம்பு தேறி, தன் மருத்துவர்கள் வீட்டு வாசலில் முழு உருவோடு நிற்கிற இரவு. இளைப்பு நோய்க்காரர்கள் வேறெந்த இரவில் போய்க் கூடுவார்கள்?

இதை யாராவது உட்கார்ந்து திட்டமிட்டுக் கோத்தார்களா, தானாக அமைந்ததா என்று நிரூபிக்க முடியாது. ஆனால் நம்பிக்கை என்றாலே வெறும் மூடத்தனம் என்று ஒதுக்குகிறவர்கள், அதற்குள் இத்தனை நுட்பமான கட்டுமானம் இருப்பதைப் பார்க்காமல் போகிறார்கள். பார்ப்பது வேறு, பணிவது வேறு. மூச்சுத் திணறல் உள்ளவர் அந்த இரவில் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. பனி இறங்கும் இரவில் திறந்த வெளியில் விழித்திருப்பதே சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

பாயசத்துக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. அரிசியில் ஒட்டிவரும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் கொதியையும் தாங்கிப் பிழைக்கும். வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியைக் கொண்டுவரும் நஞ்சைச் சுரக்கும். பால் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே விவரமானவர்கள் ஒரு மணி நேரம் நிலவு காட்டிவிட்டுக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். அமுதம் ஒரு மணி நேரத்தில் இறங்காதா என்ன!

மராட்டியர்கள் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதம்தான் எனக்கு எல்லாவற்றிலும் மேல். அங்கே பாயசம் இல்லை, மசாலாப் பால். பாலைப் பாதியாகும்வரை அடுப்பில் சுண்டவிட்டு, குங்குமப்பூ, ஏலம், ஜாதிக்காய், பாதாம், பிஸ்தா, சாரப்பருப்பு எல்லாம் சேர்த்து, மாடிக்குக் கொண்டுபோய் நிலவில் வைக்கிறார்கள். குடிப்பதற்கு ஒரே நிபந்தனை: பாலின் பரப்பில் நிலவின் உருவம் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் போதும், ஆறுவதற்குள் குடிக்கலாம். அந்த நிபந்தனையின் அழகைப் பாருங்கள். பாலில் நிலா தெரிய வேண்டுமானால் பாத்திரம் ஆடக் கூடாது, ஏடு படிந்திருக்கக் கூடாது, நிலா போதிய உயரம் ஏறியிருக்க வேண்டும், பார்க்கிறவர் குனிந்து சரியான கோணத்துக்கு வர வேண்டும். தண்ணீரில் தெரிகிற அளவுக்குப் பாலில் கூர்மையாகத் தெரியாது; வெண்பரப்பில் மிதக்கும் ஒரு மங்கல் மினுக்கம் மட்டும். குழந்தைகள் தங்களுக்குத் தெரிந்துவிட்டதாகச் சத்தியம் செய்வார்கள். பெரியவர்களும்.

இன்னொரு வேடிக்கை அந்த ஜாதிக்காய். கைக்குழந்தை அழாமல் தூங்க உரைகல்லில் ஜாதிக்காயை இழைத்துப் புகட்டும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தூங்கவே கூடாத இரவில், தூக்கத்துக்குப் பேர்போன காயைச் சுண்டிய பாலில் போட்டு எல்லாரும் குடிக்கிறார்கள். திருமகள் அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்கான ஏற்பாடோ என்னவோ. அதே இரவில் அங்கே வீட்டின் மூத்த பிள்ளையை உட்காரவைத்து ஆரத்தி எடுப்பதும் உண்டு. மூத்தவர்களுக்கு வேலைதான் வரும், மரியாதை அபூர்வம் என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

மிதிலையில் கோஜாகரா புது மாப்பிள்ளையின் பண்டிகை. பெண் வீட்டிலிருந்து மக்கானா, வெற்றிலை, இனிப்பு, துணிமணி எல்லாம் கூடை கூடையாக வந்து இறங்கும். மாப்பிள்ளை அண்ணியோடு சோழி உருட்டி விளையாட வேண்டும். வந்த மக்கானாவும் வெற்றிலையும் ஊருக்குப் பங்கு. நம் ஊர்க் கடைகளில் மக்கானாவைத் தாமரை விதை என்று விற்கிறார்கள், அது தாமரை இல்லை. அல்லிக் குடும்பத்தில், பரந்த இலை முழுக்க முள்ளாக வளரும் வேறொரு கொடி. விதைகள் முற்றிக் குளத்தின் அடிச்சேற்றில் போய்ப் படிந்துவிடும்; மல்லா சமூகத்தார் மூழ்கி அள்ளி எடுப்பார்கள். பிறகு காயவைத்து, வறுத்து, இரண்டு மூன்று நாள் ஆறப்போட்டு, மறுபடி வறுத்து, சூடு தணியும் முன் மரக்கட்டையால் ஓங்கி அடித்தால் கறுத்த ஓடு பிளந்து வெள்ளைப் பொரி வெளியே துள்ளும். 2022இல் மிதிலா மக்கானாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேற்றுக்கடியிலிருந்து இவ்வளவு வெண்மையைத் தோண்டி எடுத்து, அதை வெண்ணிலவு நாளின் சீராக அனுப்புகிறார்களே, அந்த ரசனைக்குத் தனியாக ஒரு சபாஷ்.

ஒடிசாவின் குமார பூர்ணிமை கன்னிப் பெண்களுக்கு உரியது. முருகனைப் போல அழகான கணவன் வேண்டும் என்று காலையில் சூரியனுக்கும் மாலையில் நிலவுக்கும் நெற்பொரியை இரு கையாலும் அள்ளிப் படைப்பார்கள். பொரி, வாழைப்பழம், தேங்காய், வெள்ளரி, வெல்லம் எல்லாம் பிசைந்து பிறை வடிவில் பிடித்துத் துளசி மாடத்தின் முன் வைத்து, அதைத்தான் நோன்பு முடித்துச் சாப்பிடுவார்கள். அப்புறம் ஆட்டம். குந்தி உட்கார்ந்த நிலையில் கால்களை மாற்றி மாற்றி முன்னே நீட்டித் தாவுகிற ‘புச்சி’. பாட்டுப் பாடிக்கொண்டே ஆட வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் காசு கொடுத்துச் செய்கிற வேலை அது, தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை. ஆரோக்கியம் என்று யாரும் பெயர் சொல்லாமலே நடக்கிற ஆரோக்கியம் இந்தப் பண்டிகையில் இது ஒன்றுதான் என்பேன்.

வங்காளத்தில் அரிசிமாவைக் கரைத்துத் துணியில் நனைத்து, விரல் வழியே ஒழுகவிட்டுத் தரையெங்கும் ஆல்பனா போடுகிறார்கள். நெற்கதிர், ஆந்தை, வாசலிலிருந்து உள்ளே வரும் திருமகளின் பாதங்கள். கிருஷ்ண ஜயந்திக்குப் பாதம் போட்டுப் பழகிய கைகளுக்கு இது புதிதல்ல. வாழை மட்டையில் சிறு படகு செய்து அதில் தானியமும் காசும் நிரப்பி வைக்கும் வீடுகள் உண்டு. கடல் வணிகத்தின் நினைவு. படையலில் ஒன்று நம்மவர்களுக்குக் கேட்டதும் நாக்கு ஊறவைக்கும்: பனங்கொட்டையை மண்ணில் முளைக்கவிட்டுப் பிளந்து எடுக்கும் தவுண். நாம் தெருவோரம் நின்று தின்கிற அதே வெள்ளைப் பஞ்சு, அங்கே லட்சுமியின் முன் தட்டில் வைக்கப்படுகிறது.

நமக்கும் இந்த நிலவில் ஒரு பங்கு இருக்கிறது. ஐப்பசிப் பௌர்ணமியன்று சிவாலயங்களில் நடக்கும் அன்னாபிஷேகம். நவக்கிரக வரிசையில் சந்திரனுக்குரிய தானியம் நெல், நிறம் வெள்ளை. அந்த நிலவைத் தலையில் சூடியவருக்கு அன்னத்தால் காப்பு. கங்கைகொண்ட சோழபுரத்தில் பதின்மூன்றரை அடி உயர லிங்கத்தை மூடுவதற்கு மூட்டை மூட்டையாக அரிசி வேகும். லிங்கத்தின் பாணத்தில் படிந்த சோற்றை நீர்நிலையில் மீன்களுக்கு விட்டுவிட்டு, மற்றதைப் பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். அதைச் சாப்பிட்டால் நோய் தீரும், பிள்ளைப்பேறு கிட்டும் என்று இங்கேயும் நம்பிக்கை உண்டு. நம் மாதங்கள் சூரியனைப் பின்பற்றுவதால் இரண்டு விழாக்களும் எப்போதும் ஒரே நிலவில் அமைவதில்லை. 2024இல் சரத் பூர்ணிமை அக்டோபர் 16, அதாவது புரட்டாசி முடிவதற்குள் வந்துவிட்டதால் அன்னாபிஷேகம் அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளி நவம்பர் 15க்குப் போனது.

2023இல் இரண்டும் ஒரே நாள், அக்டோபர் 28. அன்றைக்கென்று பார்த்துச் சந்திர கிரகணம்! நள்ளிரவு தாண்டி 1.05க்குத் தொடங்கி 2.24க்கு முடிந்த பகுதி கிரகணம். கிரகணத் தீட்டு ஒன்பது மணி நேரம் முன்பே தொடங்கும் என்பதால், மாலை 4 மணியிலிருந்தே சமையல் கூடாது. பல கோயில்கள் முன்கூட்டியே நடை சாத்தின. வடக்கே பாயசக்காரர்களின் பாடு திண்டாட்டம். அமுதம் பொழிகிற அதே நிலவில் கிரகணத்தின் நஞ்சும் இறங்கினால் பாத்திரத்துக்குள் எது சேரும்? முந்தின இரவே வைத்துவிடுங்கள் என்றார் ஒரு ஜோதிடர். இல்லை, 2.24க்குப் பிறகு குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்து வையுங்கள் என்றார் இன்னொருவர். விடிவதற்கு மூன்று மணி நேரம்தான் பாக்கி, அதற்குள் அடுப்பு மூட்டி, சுண்டவிட்டு, மாடி ஏற வேண்டும். தர்ப்பைப் புல்லோ துளசி இலையோ போட்டால் தோஷமில்லை என்று மூன்றாமவர் சமரசம் சொன்னார். மருத்துவ விதிகளுக்குள் முரண்பாடு வந்தால் மருந்துக்கடைக்காரரைக் கேட்கலாம். இதற்கு யாரைக் கேட்பது?

சூரத் நகரத்துக்காரர்களுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. அவர்களுடைய கொண்டாட்டம் பௌர்ணமிக்கு மறுநாள், சாந்தி பட்வோ. அன்று தின்பது காரி: பால்கோவாவும் பருப்பு வகைகளும் அடைத்து, நெய்யில் பொரித்து, பிறகு அந்த உருண்டையையே உறைநெய்யில் தோய்த்து எடுத்த, வெள்ளைப் போர்வை போர்த்திய ஒரு குண்டு இனிப்பு. கூடவே பூசு என்கிற காரமான மிக்சர். குடும்பம் குடும்பமாக வந்து, சாலையோர நடைபாதையில் விரிப்பை விரித்து, நள்ளிரவு வரைக்கும் தின்பார்கள். கடைகளில் ஒரு வாரம் முன்பிருந்தே வரிசை. சரகர் சரத் காலத்துக்கு விலக்கிய கொழுப்பைப் பற்றியோ, இலேசான உணவைப் பற்றியோ அங்கே யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள். நிலவு அன்று ஒரு கீற்றுக் குறைந்துதான் வரும், அதற்காகக் காரியில் யாரும் நெய்யைக் குறைப்பதில்லை.